தங்கச் சுரங்கப் பங்கு: 1.40 ரிங்கிட் தருவார்கள் என்ற பேச்சை நம்பிக் காத்திருக்கலாமா?

பிறை டீச்சர் (பினாங்கு) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மலேசியப் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டுள்ள ஒரு தங்கச் சுரங்க நிறுவனத்தின் 12,000 பங்குகளை இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு 58 சென் விலையில் வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதவில்லை. எழுதினால், விலையை ஏற்றிவிட வந்தவள் என்று என்னையும் சந்தேகிப்பீர்கள்.

நெடுநாள் அசையாமல் கிடந்த அந்தப் பங்கு கடந்த ஐந்து வாரங்களில் 94 சென் வரை ஏறிவிட்டது. வழக்கத்துக்கு மாறான ஏற்றம் குறித்துப் புர்சா விளக்கம் கேட்டது. தங்களுக்குத் தெரிந்தவரை காரணம் எதுவும் இல்லை என்று நிறுவனம் பதில் கொடுத்தது. ஆனால் என் தம்பி மகன் சேர்ந்திருக்கும் டெலிகிராம் குழுவிலோ, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முழு நிறுவனத்தையும் பங்கு ஒன்றுக்கு 1.40 ரிங்கிட் கொடுத்து வாங்கப் போகிறது என்று நாள்தோறும் எழுதுகிறார்கள். பூமிக்கடியில் மூன்று மில்லியன் டன் தாது இருப்பதாகவும், டன்னுக்கு 2 கிராம் தங்கம் கிடைப்பதாகவும், அந்தக் கணக்கில் 1.40 என்பதுகூடக் குறைந்த விலைதான் என்றும் சொல்கிறார்கள்.

நிர்வாக இயக்குநரே பெரிய பங்குதாரர்; அவர் கையில் 41.2 விழுக்காடு இருக்கிறது. பாதியை விற்றுவிடச் சொல்கிறாள் என் மகள். விற்ற மறுநாளே அறிவிப்பு வந்துவிட்டால் என்ன செய்வது என்று எனக்குத் தயக்கமாக இருக்கிறது. இன்னொரு ஐயமும் உண்டு: கையகப்படுத்தும் முன்மொழிவு உண்மையிலேயே வந்து, நான் அதை ஏற்காமல் இருந்துவிட்டால் என் பங்குகளின் கதி என்ன?

பழைய ரெமிசியர் (செந்தூல்) எழுதியது:

வணக்கம் டீச்சர். தரகு நிறுவனங்களில் ரெமிசியராக, அதாவது கழிவுத்தொகைக்குப் பங்கு வாங்கி விற்றுத் தரும் முகவராக, பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 1.40 என்ற எண்ணைச் சிறிது நேரம் மறந்துவிட்டு, 41.2 என்ற எண்ணைப் பாருங்கள். விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

நம் நாட்டு விதிப்படி, ஒருவரின் பங்கு 33 விழுக்காட்டைத் தாண்டினால், அவர் மற்ற எல்லாப் பங்குதாரர்களின் பங்குகளையும் வாங்க முன்வர வேண்டும். ஏற்கெனவே 33க்கும் 50க்கும் இடையில் வைத்திருப்பவர், எந்த ஆறு மாதத்திலும் 2 விழுக்காட்டுக்கு மேல் கூடுதலாக வாங்கினால் அவருக்கும் அதே கட்டாயம் வந்துவிடும். உங்கள் நிர்வாக இயக்குநர் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தவர். கட்டாய முன்மொழிவில் அவர் தர வேண்டிய விலைக்கும் ஒரு தளம் உண்டு: முந்தைய ஆறு மாதங்களில் அவர் கொடுத்த மிக உயர்ந்த விலைக்குக் குறையாமல் தர வேண்டும். அவர் இயக்குநராகவும் இருப்பதால், வாங்கிய விலை புர்சாவின் இணையப் பக்கத்தில் அறிவிப்பாக வந்திருக்கும். அந்த அறிவிப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஆறு மாதத்துக்கு எத்தனை விழுக்காடு வாங்கினார், அதிகபட்சம் என்ன விலை கொடுத்தார் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். டெலிகிராம் குழுவில் எவரும் இந்த வேலையைச் செய்திருக்க மாட்டார்கள்.

1.40 உண்மையாவதற்கு ஒரே ஒரு வழிதான் எனக்குத் தெரிகிறது. வெளியார் ஒருவர் அந்த 41.2 விழுக்காட்டை மொத்தமாக அவரிடமிருந்து 1.40க்கு வாங்க வேண்டும். வாங்கினால் 33ஐத் தாண்டிவிடுவதால், உங்களுக்கும் அதே விலையைத் தந்தாக வேண்டும். ஆனால் 1.40க்கு விற்கப் பேச்சு நடத்திக்கொண்டே சந்தையில் மலிவாக வாங்கிச் சேர்க்கும் இயக்குநர், உள்தகவலை வைத்து வாணிகம் செய்தாரா என்ற கேள்விக்குப் பங்குப் பத்திர ஆணையத்திடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தக் குற்றத்துக்குப் பத்து ஆண்டு வரை சிறையும், ஒரு மில்லியன் ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. ஆகவே அவர் அண்மையில் வாங்கியிருந்தால், வெளிநாட்டுக்காரர் கதையை நான் நம்பமாட்டேன்.

உங்கள் இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். கட்டாய முன்மொழிவுக்குப் பின் நிர்வாக இயக்குநர் கையில் 50 விழுக்காட்டுக்கு மேல் சேராவிட்டால் அது காலாவதியாகும். எல்லாருடைய பங்கும் அவரவரிடமே இருக்கும். முன்மொழிவு தொடங்கும்போது தம்மிடம் இல்லாத 58.8 விழுக்காட்டில் பத்தில் ஒன்பது பங்கை அவர் பெற்றுவிட்டால், அதாவது மொத்தத்தில் ஏறத்தாழ 94 விழுக்காட்டை எட்டினால், மறுத்தவர்களின் பங்கையும் அதே விலைக்குச் சட்டப்படி எடுத்துக்கொள்ளலாம். நடுவில் நிற்பதுதான் வேதனையான நிலை: 90ஐத் தொட்டால் வாணிகம் நிறுத்திவைக்கப்படக்கூடும், பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால், விற்கச் சந்தையே இல்லாத பங்கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

முன்மொழிவு வந்தால், அதன் விலையை மதிப்பிடும் சுயேச்சை ஆலோசகரின் அறிக்கை உங்கள் வீட்டுக்கு வரும். ‘நாட் ஃபேர், பட் ரீசனபள்’ என்ற சொற்றொடரை அதில் பார்த்தால் திகைக்காதீர்கள். விலை மதிப்புக்குக் குறைவுதான், ஆனாலும் ஏற்காவிட்டால் உங்களுக்கு வேறு வழி குறைவு, எனவே ஏற்றுக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பொருள். முதன்முறை அதைப் படித்த என் வாடிக்கையாளர் ஒருவர், இது தீர்ப்பா அனுதாபமா என்று கேட்டார்.

தாது (கோலாலம்பூர்) எழுதியது:

பகாங்கில் ஒரு சுரங்கத்தின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்தவன் நான். பங்குச் சந்தை பற்றி ரெமிசியர் ஐயா சொன்னதே போதும். அந்த மூன்று மில்லியன் டன் கணக்கைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டன்னுக்கு 2 கிராம் என்றால் 6 டன் தங்கம், அதாவது ஏறத்தாழ 1,93,000 அவுன்ஸ். டெலிகிராம் குழுவினர் இதை இன்றைய தங்க விலையால் பெருக்கிப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்திருப்பார்கள். மண்ணில் இருக்கும் பொன் கழுத்தில் ஏறுவதற்குள் எத்தனை செலவு என்பது அந்தக் கணக்கில் இல்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அந்த மூன்று மில்லியன் டன் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறது என்று பாருங்கள், டீச்சர். கனிம வளத்தை எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் ஆஸ்திரேலியாவின் ஜோர்க் நெறிமுறையில் ‘அனுமானிக்கப்பட்ட வளம்’ என்பது மிகத் தாழ்ந்த படி. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துளையிட்டுப் பார்த்துச் சொன்ன மதிப்பீடு அது. அதை நேராக ‘இருப்பு’, அதாவது இலாபமாக வெட்டியெடுக்கக்கூடியது, என்று மாற்றி எழுத அந்த நெறிமுறை இடம் தருவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேல்மட்டத்தில் உள்ள, காற்றும் மழைநீரும் பட்டுச் சிதைந்த தாதுவிலிருந்து சயனைடு கரைசலில் தங்கத்தை எளிதாகப் பிரிக்கலாம். ஆழத்தில் இருப்பதோ சல்ஃபைடு தாது. அதில் தங்கம் கனிமத்துக்குள் சிறைப்பட்டிருக்கும், பழைய ஆலையில் அதே முறையில் போட்டால் பாதிகூடத் தேறாத நிலையும் வரும். புதிய ஆலைக்கு முதலீடு வேண்டும். குத்தகை முடிய எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதும் முக்கியம். நம் நாட்டில் நிலமும் சுரங்க அனுமதியும் மாநில அரசின் அதிகாரத்தில் இருப்பவை. வாங்க வருபவர் இவற்றையும் கழிவுக் குளத்தைப் பராமரிக்கும் பொறுப்பையும் எடைபோட்டுத்தான் விலை சொல்வார்.

கெபெங் நினைவு (ஜோர்ஜ்டவுன்) எழுதியது:

வதந்தி உண்மையாகவே வந்த ஒரு பங்கை நான் வைத்திருந்தேன். அந்த அனுபவம் பயன்படக்கூடும். மவுண்ட் வெல்ட் சுரங்கத்திலிருந்து அரிய மண் (ரேர் எர்த்) தாதுவைக் கொண்டுவந்து குவாந்தான் அருகே கெபெங்கில் சுத்திகரிக்கும் லைனாஸ் நிறுவனத்தின் பங்கு அது. சிட்னி சந்தையில் வாங்கினேன். 2019 மார்ச்சில் ஆஸ்திரேலியாவின் வெஸ்ஃபார்மர்ஸ் நிறுவனம், முந்தைய நாள் விலையைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு கூடுதலாக, பங்கு ஒன்றுக்கு 2.25 ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தது. பங்கு ஒரே நாளில் தாவியது, நானும் தாவிக் குதித்தேன்.

ஆனால் அது கட்டுப்படுத்தாத முன்மொழிவு. கணக்குகளை ஆராய்ந்த பிறகே உறுதி செய்வோம், மலேசிய உரிமங்கள் நிலைக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் அதில் இருந்தன. கெபெங் கழிவைப் பற்றிய சர்ச்சை அப்போது நம் நாட்டில் சூடாக இருந்தது. லைனாஸ் இயக்குநர் வாரியம் மறுத்துவிட்டது. கடைசியில் முயற்சி கைகூடவில்லை. நான் 2.07க்கு விற்று வெளியேறியிருந்தேன். ஷி ஜின்பிங் அந்த மே மாதம் ஜியாங்சியில் ஓர் அரிய மண் ஆலையைப் பார்வையிட்டார்; சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்துமோ என்ற அச்சத்தில், யாரும் வாங்க வராமலே பங்கின் விலை 2.25ஐத் தாண்டியது. அதே ஆண்டில் அதே வெஸ்ஃபார்மர்ஸ், கிட்மன் ரிசோர்சஸ் என்ற லித்தியம் நிறுவனத்துக்கு 1.90 டாலர் தர முன்வந்தது. அங்கே இயக்குநர் வாரியம் ஒப்புக்கொண்டது, பணமும் பங்குதாரர் கைக்கு வந்து சேர்ந்தது. வாங்குபவர் ஒருவரே, ஆண்டும் ஒன்றே. ஒன்று முடிந்தது, மற்றொன்று கலைந்தது.

சுரங்கத் துறையில் பெரிய நிறுவனங்களுக்கும் இதுதான் நிலை. 2010இல் கனடாவின் பொட்டாஷ் உர நிறுவனத்துக்கு, ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனமான பி.எச்.பி. பங்கு ஒன்றுக்கு 130 அமெரிக்க டாலர் கொடுக்க முன்வந்தது. கனடா அரசு தடுத்துவிட்டது. 2024இல் பி.எச்.பி. ஆங்லோ அமெரிக்கன் என்ற சுரங்க நிறுவனத்தை, விலையை ஏற்றி ஏற்றி மூன்று முறை கேட்டது. தென்னாப்பிரிக்காவிலுள்ள பிளாட்டினம், இரும்புத்தாது நிறுவனங்களை முதலில் பிரித்துவிட வேண்டும் என்ற நிபந்தனையில் பேச்சு இழுபட்டு, மே 29ஆம் தேதி விலகிக்கொண்டது. அறிவிக்கப்பட்ட முன்மொழிவுகளே இப்படி முறியும்போது, அறிவிக்கப்படாத ஒன்றுக்காக இன்றைய 94 சென் விலையை நழுவவிடுவதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.

பிறை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ரெமிசியர் ஐயா சொன்னபடி அறிவிப்புகளைத் திறந்து, பழைய வருகைப் பதிவேட்டில் எழுதுவதுபோல் வரிசையாக எழுதினேன். ஆறு மாதத்தில் நிர்வாக இயக்குநர் 1.5 விழுக்காடு வாங்கியிருக்கிறார்; அதிகபட்ச விலை 71 சென். தாது அவர்கள் சொன்னதையும் பார்த்தேன்: மூன்று மில்லியன் டன்னில் மூன்றில் இரண்டு பங்கு ‘அனுமானிக்கப்பட்ட’ வகையில்தான் இருக்கிறது. இதை என் தம்பி மகன் குழுவில் பதிவிட்டான். கால் மணி நேரத்தில் அவனைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

பழைய ரெமிசியர் எழுதியது:

நீக்கியதே ஒரு பதில்தான். 71 சென் என்றால், கட்டாய முன்மொழிவு வந்தாலும் விதிப்படி அதற்குமேல் தர அவசியம் இல்லை. இன்னும் 0.5 விழுக்காடு வாங்க அவருக்கு இடம் இருக்கிறது. ஆனால் இந்த 94 சென் விலையில் அவர் வாங்க மாட்டார் என்பது என் கணிப்பு. வாங்கினால் அவருடைய தள விலையே ஏறிவிடும். பேச்சு அடங்கும்வரை பொறுத்திருந்து, பழைய கொள்முதல்கள் ஆறு மாத எல்லையைக் கடந்த பிறகு மறுபடி மெல்ல வாங்குவதுதான் அவருக்கு இலாபம். உங்கள் மகள் சொன்னதைச் செய்யுங்கள்.

கெபெங் நினைவு எழுதியது:

அது அவர் பொறுமைசாலியாக இருந்தால்தான், அண்ணன். போட்டிக்கு வேறு யாரோ சந்தையில் வாங்குகிறார்கள் என்று தெரிந்தால், கட்டுப்பாட்டைக் காக்க விலை பார்க்காமலும் வாங்குவார். 5 விழுக்காட்டைத் தாண்டிய புதிய பங்குதாரர் எவரேனும் அறிவிக்கப்பட்டிருக்கிறாரா, டீச்சர்?

பிறை டீச்சர் எழுதியது:

புதிய பெயர் எதுவும் இல்லை. 6,000 பங்குகளை நேற்றுக் காலை 95 சென்னுக்கு விற்றுவிட்டேன். போட்ட முதலில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. ஆனால் மாலையில் ஓர் அறிவிப்பு வந்திருக்கிறது. நிர்வாக இயக்குநர் மேலும் 0.3 விழுக்காடு வாங்கியிருக்கிறார், 93 சென் விலையில். இதை எப்படி எடுத்துக்கொள்வது, ஐயா?

பழைய ரெமிசியர் எழுதியது:

என் கணிப்பு பிசகிவிட்டது, டீச்சர். அவருடைய தள விலை இப்போது 93 சென். வாங்க மிச்சமிருப்பது 0.2 விழுக்காடு. இவ்வளவு விலை கொடுக்க அவருக்கு ஏதோ காரணம் இருக்கிறது; கெபெங் தம்பி சொன்னதுபோல யாரோ ஒருவர் 5 விழுக்காட்டுக்குக் கீழே பதுங்கியிருக்கவும் கூடும். அதற்காக 1.40 வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மீதி 6,000 பங்குகளை இப்போதைக்கு அப்படியே வையுங்கள். அடுத்த இயக்குநர் அறிவிப்பு வந்ததும் இங்கே எழுதுங்கள்.