அல்கலைன் எலக்ட்ரோலைசர்: காலையில் லை கசிகிறது, ஒரு செல்லுக்காக மொத்தத்தையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. உதவுங்கள்

நிக்கல்தட்டு:
வணக்கம். எங்கள் பட்டறையில் தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கும் அல்கலைன் எலக்ட்ரோலைசர் செய்கிறோம். ஃபில்டர் பிரஸ் போல, தட்டுகளை வரிசையாக அடுக்கி நெருக்கியது. 60 செல், இரண்டு பக்கமும் கனத்த எண்ட் பிளேட், சுற்றிலும் அவற்றை இழுத்துப் பிடிக்கும் 12 நீளக் கம்பி (டை ராடு). உள்ளே லை, அதாவது 28 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காரக் கரைசல், 80 டிகிரி, அழுத்தம் அதிகமில்லை. கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் 1.5 மி.மீ. டெஃப்லான், செல்லுக்கு இரண்டு.

முதல் இரண்டு வாரம் ஒரு சொட்டு இல்லை. இப்போது தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது நடு செல்களின் அடியில் லை வடிகிறது. சூடானதும் தானாக நின்றுவிடுகிறது. நான்கு முறை டை ராடை இறுக்கிவிட்டோம், நாலு நாளில் மறுபடி வடிகிறது.

இன்னொரு கஷ்டம். போன மாதம் 37-வது செல்லில் டயஃப்ரம் (இரண்டு வாயுவும் கலக்காமல் பிரிக்கும் தடுப்பு) கிழிந்தது. அந்த ஒன்றை மாற்ற 60-ஐயும் பிரித்து அடுக்க மூன்று நாள் போயிற்று. அடுத்த மெஷினை வரைவதற்கு முன்னால் இரண்டுக்கும் வழி தெரிய வேண்டும்.

டிசைன்மேசை:
டை ராடு நட்டுக்கு அடியில் ஸ்பிரிங் ஏதாவது இருக்கிறதா, வெறும் வாஷர்தானா? இறுக்கியது சூடாக இருக்கும்போதா, ஆறிய பிறகா?

நிக்கல்தட்டு:
வெறும் வாஷர்தான். ஆறிய பிறகு, டார்க் (முறுக்கு விசை) காட்டும் ரெஞ்ச் வைத்து.

டிசைன்மேசை:
அப்படியானால் காரணம் தெரிந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 60 செல், இரண்டு கேஸ்கெட், 1.5 மி.மீ. என்றால் மொத்தம் 180 மி.மீ. டெஃப்லான் அந்த அடுக்குக்குள் இருக்கிறது. டெஃப்லான் சூட்டில் விரிவது இரும்பைப் போல ஏறக்குறைய 10 மடங்கு. 30-லிருந்து 80 டிகிரிக்குப் போனால் கேஸ்கெட் மட்டுமே 1 மி.மீ.க்கு மேல் விரியும். இரும்புச் சட்டங்கள் இன்னும் அரை மி.மீ. தரும். டை ராடோ வெளிக்காற்றில் இருக்கிறது, பெரிதாகச் சூடாவதில்லை, அது நீள்வது கால் மி.மீ. கூட வராது.

மிச்சம் 1.3 மி.மீ. எங்கே போகும்? கேஸ்கெட்டைத்தான் நசுக்கும். ரப்பர் என்றால் திரும்பி எழும்பும். டெஃப்லான் அழுத்தத்தில் மெல்ல வழிந்து ஓடிவிடும், திரும்பாது. ராத்திரி ஆறியதும் அடுக்கு சுருங்குகிறது, பிடி தளர்கிறது, காலையில் வடிகிறது. நீங்கள் ஆறிய நிலையில் இறுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த சூட்டில் கேஸ்கெட் இன்னும் மெலிகிறது. தயவுசெய்து இனி இறுக்காதீர்கள்.

ஒவ்வொரு டை ராடிலும் டிஸ்க் ஸ்பிரிங் (கிண்ணம் போல வளைந்த வாஷர் ஸ்பிரிங்) அடுக்கு போடுங்கள், 4, 5 மி.மீ. அசைய இடம் இருக்கும்படி. அப்போது அடுக்கு விரிந்தாலும் சுருங்கினாலும் விசை பெரிதாக மாறாது. டார்க்கை நம்பாமல் ஸ்பிரிங்கின் உயரத்தை வெர்னியரில் அளந்து இறுக்குங்கள். மரையில் எண்ணெய் இருப்பதற்கும் இல்லாததற்கும் ஒரே டார்க்கில் விசை அவ்வளவு மாறும்.

காஸ்டிக்காரன்:
இத்தனை வருடம் காஸ்டிக் சோடா செல் ஹவுஸில் மெயின்டனன்ஸ் பார்த்தவன் சொல்கிறேன் தம்பி. மேலே சொன்னது சரி. அதோடு, எதிரெதிர் நட்டாக, மூன்று நான்கு சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு எண்ட் பிளேட்டுக்கும் நடுவே நான்கு மூலையில் தூரம் அளந்து எழுதுங்கள். ஒரு மூலை முந்தினால் அங்கே கேஸ்கெட் செத்தது.

வேறு கேஸ்கெட் தேடினால் இபிடிஎம் ரப்பர் சூடான லையைத் தாங்கும். வைட்டான் ரப்பர் போடாதீர்கள், சூடான காரத்தில் கெட்டுவிடும்.

இதைவிட முக்கியம் ஒன்று. ரெக்டிஃபயரை (டிசி மின்சாரம் கொடுக்கும் கருவி) ஆஃப் பண்ணியதும் ஸ்டாக்கில் (செல் அடுக்கில்) மின்சாரம் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். எலக்ட்ரோடில் வாயு ஒட்டியிருக்கும் வரை அது பேட்டரி மாதிரி வோல்டேஜ் காட்டும். நைட்ரஜன் ஓட்டி, லையை வடித்து, நீர் விட்டுக் கழுவி, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே ஸ்பேனர். அலுமினியக் கருவி பக்கத்திலேயே வேண்டாம், லை பட்டால் ஹைட்ரஜன் கிளம்பும். கண்ணில் லை பட்டால் அங்கேயே உடனே தண்ணீர், 15 நிமிடத்துக்குக் குறையாமல், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. ஐவாஷ் (கண் கழுவும் குழாய்) இல்லாத இடத்தில் ஸ்டாக்கைத் திறக்கவே கூடாது.

நிக்கல்தட்டு:
நன்றி அண்ணா. ஐவாஷ் தள்ளித்தான் இருக்கிறது, பக்கத்தில் மாற்றுகிறேன். ஒற்றைச் செல்லை மாற்றும் விஷயம்?

காஸ்டிக்காரன்:
காஸ்டிக் பக்கம் இரண்டு வழியும் உண்டு. ஒன்று உங்களுடையது போல மொத்தமாக நெருக்குவது. இன்னொன்று ஊடே (Uhde) என்ற ஜெர்மன் கம்பெனி கொண்டுவந்த ஒற்றை எலிமென்ட் முறை. ஒவ்வொரு செல்லும் தன் போல்ட்டிலேயே தனியாக மூடப்பட்டிருக்கும், வொர்க்‌ஷாப்பிலேயே கசிவு சோதித்துக் கொண்டுவந்து ரேக்கில் தொங்கவிட்டு மின் தொடர்புக்கு மட்டும் நெருக்குவார்கள். பராமரிக்க அருமை, போல்ட்டும் விலையும் அதிகம்.

டிசைன்மேசை:
உங்கள் அளவுக்கு நான் நடுவழியைச் சொல்வேன். 60-ஐ மூன்று இருபதாக்குங்கள். ஒவ்வொரு தொகுதியும் தன் குட்டை போல்ட்டுகளோடு மேசையிலேயே படுக்கவைத்து அடுக்கி, நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நீரில் பார்த்து முடிந்திருக்கட்டும். நான்காவது ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். கெட்டால் தொகுதியை மாற்றி மெஷினை ஓட்டுங்கள், கெட்டதை நிதானமாகப் பிரியுங்கள். கூடுதல் செலவு, இடைத் தட்டுகளும் அவை தொடும் முகத்தில் கொஞ்சம் வோல்டேஜ் இழப்பும். அந்த முகங்களுக்கு நல்ல நிக்கல் பூச்சு அவசியம்.

தட்டுகளில் இரண்டு வழிகாட்டித் துளையை வெவ்வேறு விட்டத்தில் போடுங்கள். திருப்பி வைத்தால் உள்ளேயே போகாது. அனுபவசாலிக்கும் ராத்திரி ஷிஃப்டில் தட்டு திரும்பும், நான் பார்த்திருக்கிறேன். செல்லுக்கு ஒரு வோல்டேஜ் ஒயரும் வேண்டும். எல்லாம் 1.9 வோல்ட் காட்டும்போது ஒன்று மட்டும் விலகினால் எங்கே திறப்பது என்று முன்பே தெரியும்.

நிக்கல்தட்டு (ஐந்து வாரம் கழித்து):
பிரித்து மைக்ரோமீட்டரில் பார்த்தோம். நடு கேஸ்கெட்டுகள் 1.1 மி.மீ.க்கு மெலிந்து, ஓரத்தில் பிதுங்கியிருந்தன. புது கேஸ்கெட், டிஸ்க் ஸ்பிரிங் போட்டு 19 முறை ஆற்றிச் சூடாக்கியாயிற்று, அடியில் விரித்த காகிதம் காய்ந்தே இருக்கிறது. இருபது செல் தொகுதியும் வரைந்துவிட்டேன். ஒரே சந்தேகம்: தயாராக வைக்கும் தொகுதி, அதுவும் ஒரு முறை ஓடியது, எப்படி வைப்பது? உள்ளே இருப்பது ஸிர்ஃபான் என்ற நுண்துளை டயஃப்ரம்.

காஸ்டிக்காரன்:
லையில் நனைந்ததைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் துளைக்குள் உப்பு படிந்துவிடும். கழுவி, தூய நீர் நிரப்பி, எல்லா வாயையும் மூடி வையுங்கள். மாதம் ஒரு முறை மட்டம் பாருங்கள்.

நிக்கல்தட்டு:
சரி அண்ணா. வாய்களை மூடும் ஃபிளாஞ்சுகளுக்கு ஆர்டர் சொல்லிவிட்டேன். நாளை முதல் தொகுதியை அடுக்குகிறோம்.