சண்டை ஓயும் முன்பே நினைவிடங்களில் பேச்சு தொடங்குமா?

கேள்வி: மோதல் நீடிக்கும்போதே நினைவிடங்களும் மரபுச் சின்னங்களும் எதிரெதிர்த் தரப்பினரைப் பேச வைக்கும் என்று நம்பலாமா?

மறுமொழி 1: நம்பலாம். கொலம்பியாவில் அரசுக்கும் ஃபார்க் கிளர்ச்சியாளர்களுக்கும் இடையே அமைதி ஒப்பந்தம் 2016-இல்தான் கையெழுத்தானது. ஆனால் பாதிக்கப்பட்டோருக்கான சட்டத்தின்கீழ் தேசிய வரலாற்று நினைவு மையம் 2011-லேயே உருவாக்கப்பட்டு, துப்பாக்கிகள் ஓயுமுன்னரே சாட்சியங்களைத் திரட்டியது.

மறுமொழி 2: கிரேக்க, துருக்கியச் சமூகங்களிடையே பிளவுபட்டு, இன்னும் தீர்வு எட்டப்படாத சைப்ரஸ் தீவையும் பாருங்கள். 2008-இல் அமைந்த இருசமூகப் பண்பாட்டு மரபுக் குழுவில் கிரேக்க, துருக்கிய சைப்ரியாட்டுகள் சேர்ந்தே, பிளவுக்கோட்டின் இருபுறமும் தேவாலயங்களையும் மசூதிகளையும் செப்பனிடுகிறார்கள். யார் குற்றவாளி என்று தொடங்கினால் பேச்சு முறிந்துவிடும்; விரிசல் விட்ட சுவருக்கு எந்தச் சாந்து பொருந்தும் என்று கேட்டால் இருவருமே குனிந்து பார்ப்பார்கள்.

மறுமொழி 3: எனக்கு ஒரு கவலை உண்டு. ஒரு தரப்பில் இறந்தோரின் பெயர்களை மட்டும் கல்லில் பொறித்தால், அந்த இடமே அடுத்த மோதலுக்கு வித்தாகும். வாசகம் எழுதுமுன்பே இரு தரப்புத் தாய்மாரையும் அழைத்துக் கேளுங்கள்.