ஈஈஜிலேபில் நிகழ்வு நேரங்களை ஏற்றியபோது நேர்ந்தவை

ஒலியைக் கேட்டுப் பொத்தானை அழுத்தும் சோதனை. 20 நிமிட ஈஈஜி (மூளையின் மின்னலை) பதிவு, விநாடிக்கு 500 மாதிரிகள். பதிவில் ஒவ்வொரு ஒலிக்கும் ஒரு குறி விழுந்திருந்தது, ஆனால் எல்லாக் குறிக்கும் ஒரே எண். எது அடிக்கடி வரும் ஒலி, எது அரிதாக வரும் ஒலி என்ற விவரம் ஒலியை எழுப்பிய கணினியின் உரைக்கோப்பில் மட்டுமே இருந்தது. அதை ஈஈஜிலேப் என்னும் ஈஈஜி ஆய்வு மென்பொருளில் ஏற்றினேன்.

நேரத்தின் அலகு கேட்ட இடத்தில் விநாடிக்குரிய 1ஐ அப்படியே விட்டுவிட்டேன். என் கோப்பு மில்லிவிநாடியில் இருந்தது, 0.001 கொடுத்திருக்க வேண்டும். 2340 என்ற முதல் வரி 2340ஆவது விநாடிக்குப் போய்விட்டது. பதிவின் மொத்த நீளமே 1200 விநாடிதான், எனவே உடனே பிடிபட்டது.

அடுத்த தவறு அப்படி வெளியே தெரியவில்லை. கோப்பின் முதல் ஒலியைப் பதிவின் முதல் குறியோடு பொருத்தி, ஒவ்வொரு ஒலிக்கும் பின் வந்த மூளை அலைகளைச் சராசரி எடுத்தேன். ஒலிக்குப் பின் 300 மில்லிவிநாடியை ஒட்டிய அகன்ற அலை வந்தது. 100ஐ ஒட்டிக் கூர்மையாக இறங்க வேண்டிய அலையோ மழுங்கிக் கிடந்தது. மூன்று நாள் வடிகட்டியைத்தான் சந்தேகித்தேன். பிறகு பதிவின் கடைசி ஒலிக்கு நகர்த்திப் பார்த்தால், பதிவில் இருந்த பழைய குறிக்கும் கோப்பிலிருந்து வந்த புதிய குறிக்கும் நடுவே 20 மாதிரி இடைவெளி! 40 மில்லிவிநாடி. இரண்டு கருவிகளின் கடிகாரங்களும் ஒரே வேகத்தில் ஓடவில்லை. தொடக்கத்தில் ஒன்றாக இருந்தவை போகப்போக விலகியிருக்கின்றன. அந்த வேக வேறுபாட்டைச் சரிக்கட்டும் தெரிவு, நான் கோப்பை ஏற்றிய அதே சாளரத்தில் இருந்தது. அதைப் போட்டதும் மழுங்கிய அலை கூர்மையாக இறங்கியது. அந்த மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது.

இப்போதெல்லாம் முதல், நடு, கடைசி என்று மூன்று குறிகளையாவது கண்ணால் பார்க்காமல் சராசரிக்குப் போவதில்லை. உங்களில் யாருக்கேனும் இப்படி நேர்ந்ததுண்டா?

மறுமொழி:

கடிகார விலகல் எனக்கு வந்ததில்லை ஐயா. நான் மாட்டிக்கொண்டது பதிவை ஒலிக்கு ஒன்றாகத் துண்டுகளாக வெட்டிய பிறகு. கண் சிமிட்டல் கலந்த துண்டுகளை முதலில் நீக்கிவிட்டு, அப்புறம் பதில் நேரக் கோப்பை, அதாவது பொத்தான் அழுத்திய நேரங்களின் கோப்பை, ஏற்றப் போனேன். ஒரு துண்டுக்கு ஒரு வரி இருக்க வேண்டும். என்னிடம் வரிகள் 7 அதிகம். எந்த 7 என்று கையால் தேடி ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஆகவே ஏற்றுவது முதலில், நீக்குவது பிறகு. இன்னொன்று: பொத்தானையே அழுத்தாத தடவைகளுக்குக் கோப்பில் 0 இருந்தது. ஒலி எழுந்த அதே கணத்தில் பொத்தான் அழுத்தியதாக அவை நுழைந்துவிட்டன. அந்த வரிகளைத் தனியே பிரித்த பிறகுதான் பதிலை மையமாக வைத்த சராசரியை நம்ப முடிந்தது.