மதுரையின் அந்த மூணு பேர் ராக் பேண்டை நேரில் கேட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நானே ஆரம்பிக்கிறேன். மதுரையில் ராக் பேண்டு இருந்தது என்றால் சென்னை நண்பர்கள் சிரிக்கிறார்கள். ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், அவ்வளவுதான். கீபோர்டு கிடையாது, சினிமாப் பாட்டு கிடையாது. பேர் வேண்டாம், மூன்று பேரும் இப்போது குடும்பஸ்தர்கள். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதன்முதலாகக் கேட்டது அழகர்கோவில் ரோட்டில் ஒரு காலேஜ் விழாவில். அவர்கள் பிடித்துத் தொங்கியது எல்லாமே பழைய மூணு பேர் பேண்டுகள்: 1966-இல் லண்டனில் தொடங்கி 1968-லேயே கலைந்துபோன கிரீம், அதே 1966-இல் அதே ஊரில் சேர்ந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ், அப்புறம் கனடாவின் ரஷ். மூணு பேர் என்றால் என்ன சிக்கல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கிட்டார்காரர் சோலோவுக்குப் போய்விட்டால் அடியில் பல ஸ்வரங்களைச் சேர்த்துக் கார்டு பிடிக்க ஆளில்லை. நம் மெல்லிசைக் குழுவில் எவர் தடுமாறினாலும் கீபோர்டு மூடிமறைத்துவிடும், இங்கே அந்த ஓட்டையை பேஸ்தான் அடைக்கணும். ரஷ்ஷில் கெடி லீ பேஸ் வாசித்துக்கொண்டே பாடுவார், அது போதாதென்று காலால் பெடலை மிதித்து சிந்தசைசரும் வாசிப்பார்.

மூணாவது பாட்டுக்கு நடுவில் கிட்டார் பட்டென்று நின்றது. அவர் ஆம்ப்புக்குப் பின்னால் போய்க் குனிந்து உட்கார்ந்துவிட்டார். பேஸும் டிரம்ஸும் மட்டும், நையாண்டி மேளத்தில் நாயனம் ஓய்ந்ததும் தவில்காரர்கள் மட்டும் நின்று மோதுவார்களே, அப்படி இரண்டு மூன்று நிமிஷம். முதலில் ஊளையிட்ட பையன்கள்கூட அடங்கிவிட்டார்கள். கிட்டார் திரும்ப உள்ளே வந்தபோது எனக்குக் கை புல்லரித்தது. தானே ஒதுங்கி மற்ற இரண்டு பேருக்கும் வழிவிட்ட அந்தப் பெருந்தன்மையைப் பத்து வருஷமாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

*

நான் ஒத்தக்கடை, முன்பு மைக் செட் வைத்திருந்தேன். இந்தப் பசங்களுக்கு நாலைந்து தடவை போட்டிருக்கிறேன். இவர்களால் என் ஸ்பீக்கர் ஒன்று கிழிந்தது, அது தனிக் கதை. பேஸுக்கென்று ஆம்ப் நம்மிடம் ஏது, நேராக மிக்சரில் சொருகுவோம். ஒரு காலேஜில் கிட்டார்த் தம்பியின் மிதிபெட்டிக்கு பேட்டரி தீர்ந்து சத்தம் சுத்தமாகப் போய்விட்டது. பெட்டியைக் கழற்றிவிட்டு நேராகப் போடுப்பா என்று சைகை காட்டுகிறேன், கரகரப்பு இல்லாமல் வாசிக்க மாட்டாராம்! கடைசியில் காம்பியருடைய கார்ட்லெஸ் மைக்கைத் திறந்து அதிலிருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியைப் பிடுங்கிக் கொடுத்தேன். அதற்குள் மற்ற இரண்டு பேரும் என்னத்தையோ வாசித்துச் சமாளித்தார்கள். காம்பியர் தம்பிதான் பாவம், அப்புறம் தொண்டை கிழியக் கத்தினார்.

*

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஷெட்டில்தான் பிராக்டிஸ். டிரம்ஸ் வாசித்தவர் எனக்குப் பெரியப்பா மகன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரைக்கும்தான் அனுமதி, அதுவும் பரீட்சை மாதத்தில் கிடையாது. பண்ணைப்புரத்துக்காரர் பாட்டில் பேஸ் கிட்டாரைத் தனியாகக் காது கொடுத்துக் கேட்டுப் பழகிய ஊர்தானே நம்முடையது, அதனால் பக்கத்து வீட்டு மாமா பேஸை மட்டும் குறை சொன்னதில்லை, திட்டெல்லாம் அண்ணனுக்குத்தான். சொந்தமாக ஆறு பாட்டு, அதில் இரண்டு தமிழ். கையால் பேர் எழுதிய சிடி நூறு போட்டார்கள், நாற்பதுக்கு மேல் இன்னும் எங்கள் பரணில் கிடக்கிறது. சென்னை, பெங்களூரு என்று போய் வந்தார்கள், பெரும்பாலும் பஸ் செலவுக்கே சரியாக இருந்தது. சண்டை எதுவும் இல்லை. ஒருத்தருக்கு துபாய், ஒருத்தருக்குக் கல்யாணம், மூணு பேரில் ஒருத்தர் இல்லையென்றாலே முடிந்தது கதை.

ரஷ்ஷின் டிரம்மர் நீல் பியர்ட் 2020 ஜனவரியில் இறந்த செய்தி வந்த அன்றைக்கு அண்ணன் திடீரென்று வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த காபியைக்கூடக் குடிக்கவில்லை. மாடிக்குப் போய் துணியை விலக்கி ஸ்நேர் டிரம்மை மட்டும் கொஞ்ச நேரம் தட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டார்.

*

மைக் செட் அண்ணே, அது எந்தக் காலேஜ்? மேடைக்குப் பின்னால் பெரிய வேப்பமரம் இருந்ததா?

*

இருந்தது தம்பி. ஸ்பீக்கர் வயரை அதில்தான் கட்டியிருந்தோம்.

*

போச்சு. என் மனைவியிடம் பெண் பார்க்கப் போன அன்றைக்கே இந்தக் கதையைத்தான் சொன்னேன் அண்ணே. சரி, பேட்டரியாகவே இருக்கட்டும், அந்த இரண்டு பேர் வாசித்தது வாசித்ததுதான். அதில் நான் ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்லப் போவதில்லை.

*

தங்கச்சி, பரணில் இருக்கிற சிடியில் ஒன்று எனக்கு எடுத்து வையுங்கள். ஒத்தக்கடையிலிருந்து நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். பேட்டரி காசுக்குக் கழித்துக்கொள்ளலாம்.