மதிலுக்கு அந்தப் பக்கத்து லைட்

ஊர் வெளிச்சத்துக்கு நடுவே வானம் பார்ப்பதைப் பற்றி என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன். நான் இருப்பது திருகோணமலை உப்புவெளியில். தெற்கே நகரமும் துறைமுகமும், வடக்கே ஹோட்டல்கள். இருட்டு மிச்சமிருப்பது கிழக்கே கடலில்தான். அங்கேயும் மீன்பிடிப் படகுகளின் லைட். என்னிடம் உள்ளது கொழும்பில் பழையதாக வாங்கிய, வாய் 70 மி.மீ. அகலமுள்ள தொலைநோக்கி. குவியத்தூரம் 700 மி.மீ., ஆக 10 மி.மீ. ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) போட்டால் 70 மடங்கு பெரிதாகத் தெரியும்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்கூடக் கரண்ட் நின்றதே, ஊரே திட்டித் தீர்த்த அந்த நாட்களில்தான் ஒமேகா சென்டாரியைப் பார்த்தேன். ஏறத்தாழ 17,000 ஒளியாண்டு தூரத்து விண்மீன் கொத்து. கரும்பலகையில் சோக்கை விரலால் தேய்த்த மாதிரி ஒரு வட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் வந்தது. அவ்வளவுதான், வட்டம் போய்விட்டது.

மங்கலாகப் பரந்து கிடப்பதைத்தான் ஊர் வெளிச்சம் தின்கிறது, புள்ளியாக எரிவதை அல்ல என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது என் பிழைப்பு நிலா, வியாழனின் நான்கு நிலாக்கள், இரட்டை விண்மீன்கள். ஆல்பா சென்டாரி மே மாதம் இரவு பதினொரு மணிபோல நகர வெளிச்சத்துக்கு மேலேயே நிற்கும். வெறுங்கண்ணுக்கு ஒன்று, 70 மடங்கில் இரண்டு. ஒன்றையொன்று சுற்றி முடிக்க 80 வருடமளவில் ஆகும். 2016 வாக்கில் நெருங்கிக் கிடந்தவை இப்போது விலகி வருவதால் சின்னக் குழாய்க்கும் பிரிந்து தெரிகின்றன. கச்சான் காற்று வீசினால் மட்டும் இரண்டும் கொதிக்கிற உலைக்குள் கிடக்கிற மாதிரித் துள்ளும்.

பெரிய தலையிடி பக்கத்து வீட்டு அக்காவின் லைட். மதிலுக்கு மேலால் நேரே என் முகத்தில் அடிக்கும். கள்ளனுக்குப் பயந்து போட்டது, நிப்பாட்டச் சொல்ல வாய் வரவில்லை. சாரத்தை (லுங்கியை) தலைக்கு மேல் போர்த்துக்கொண்டு ஐபீஸில் கண்ணை வைப்பேன். இது உண்மையிலேயே உதவும்; வியர்வையில் ஐபீஸில் ஆவி படியும் என்பதுதான் குறை.

ஒரு நாள் அக்காவே மதிலால் எட்டிப் பார்த்து, “தம்பி, சாரத்துக்குள்ள என்ன செய்யிறீர்?” என்றார். கூப்பிட்டு ஆல்பா சென்டாரியைக் காட்டினேன். “ஒண்டுதான் தெரியுது. எனக்குக் கண்ணில கட்டரக்ட்” என்றார். சரியென்று நிலாவுக்குத் திருப்பினேன். பேச்சில்லை. கால் மணித்தியாலம் ஐபீஸை விடவில்லை.

அன்றிலிருந்து நிலா வந்தால் மதிலடியில் குரல் கேட்கும்: “தம்பி, லைட்டை நிப்பாட்டிட்டன், வடிவாப் பாரும்.” நிலாவுக்கு இருட்டே தேவையில்லை. நிலா இல்லாத இரவுகளில் அந்த லைட் விடியும்வரை எரிகிறது, நான் சாரத்துக்குள் இருக்கிறேன்.