மறுமொழி: ஏரி மதகு வசூல் - அக்கா பாத்துட்டு வந்ததைச் சொல்லிடறேன்

எல்லாருக்கும் வணக்கம்.

நம்ம ஊர்ச் சங்கத் தலைவர் அண்ணன் ஏரி மதகு ரிப்பேருக்கு ஆளுக்கு பதினஞ்சாயிரம்னு கேட்டு மெயில் போட்டு ஒரு வாரம் ஆவுது, நான் பதில் போடாம இருந்ததுக்கு பணம் காரணம் இல்ல. எங்க அக்கா சிரசுத் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தா. வைகாசி ஒண்ணு குடியாத்தத்துல கெங்கையம்மன் சிரசு பாத்துட்டு நைட்டு நம்ம வீட்டுல தங்கி, காலைல ஏரிக்கரை மேல நடந்துட்டு வந்து போன்ல அழுவுறா. இன்னாக்கா ஆச்சுன்னா பேச்சே வரல.

கரைக்கு உள்பக்கம், பெரிய மதகுக்கும் அரசமரத்துக்கும் நடுவுல, ஆள் உசரத்துக்கு மேல பள்ளம். ராத்திரி பன்னெண்டுக்கு மேல ஜேசிபி வருதாம், விடியறதுக்குள்ள டிப்பர் லாரியெல்லாம் போயிடுதாம், கேட்டா வண்டல் எடுக்கறோம்னு சொல்றாங்களாம். வண்டல் எப்படி இருக்கும்னு நமக்குத் தெரியாதா? கருப்பா, கையில எடுத்தா மாவு மாதிரி இருக்கும், நைனா அதை மாட்டுவண்டியில ஓட்டிக்கினு வந்து கழனில கொட்டுவாரு. அதை விவசாயத்துக்கும் மண்பாண்டம் செய்றவங்களுக்கும் தாசில்தார் அனுமதி வாங்கி இலவசமாவே எடுக்கலாம், ஏரிக்கும் நல்லது. இவங்க எடுக்கறது அதுக்கும் அடியில இருக்கற நொரம்பு மண்ணு. மனை போடறவங்களுக்குப் போவுது.

இப்ப மதகுக்கு புதுசா ஷட்டர் போட்டு இன்னா பிரயோஜனம்? தண்ணி ஏறினா அந்தப் பள்ளத்துல நின்னு கரைக்கு அடியில கசியும், மொதல்ல அந்தாண்ட பக்கம் ஈரம் தெரியும், அப்புறம் எலி வளை மாதிரி ஓட்டை, அப்புறம் கரையே போயிடும். 2021 நவம்பர்ல கௌண்டன்யா ஆத்துல வெள்ளம் வந்தப்ப நம்ம ஏரி நிரம்பி வழிஞ்சு கோடி போச்சு, கரை நின்னுச்சு. பள்ளம் அன்னிக்கு இருந்திருந்தா கீழ்த்தெரு இன்னிக்கு இல்ல. எங்க அம்மா இருக்கறது கீழ்த்தெருவுலதான்.

அதனால நான் சொல்றது இதுதான். பணத்தை மேஸ்திரி கையில குடுக்க வேணாம். நமக்கு நாமே திட்டத்துல பொதுமக்கள் குறைஞ்சது மூணுல ஒரு பங்கு கட்டினா மீதியை கவர்மென்ட் போடும். நாம மூணு லட்சம் சேத்தா ஒம்போது லட்சத்துக்கு வேலை நடக்கும், மதகு மட்டும் இல்ல, பள்ளத்தை மூடி கரையை பலப்படுத்தறதும் அந்த எஸ்டிமேட்லயே வரணும். ஆகஸ்ட் 15 கிராம சபையில தீர்மானம் போடணும், மண் எடுக்கறதை நிறுத்தணும்னு தனியா இன்னொரு தீர்மானம். நம்ம ஏரி ஆயக்கட்டு, அதாவது ஏரித்தண்ணி பாயற நிலம், நூறு ஏக்கருக்குள்ளதான், அதனால நீர்வளத்துறை இல்ல, ஊராட்சி ஒன்றியம்தான் பாக்கணும். மனு சரியான இடத்துக்குப் போவணும்.

தையக்கடை வீட்டு சின்னவ
சிங்கப்பூர்

---

தங்கச்சி சொல்றது நியாயம். ஆனா கணக்கு பேசாம நான் விட முடியாது, யாரும் தப்பா எடுத்துக்காதீங்க.

ஒண்ணு. 2021 வெள்ளத்துக்கு அப்புறம் வசூல் பண்ணமே, பாய், அரிசி, ஓலைவீட்டுக்கு தார்ப்பாய் வாங்கினது போக மீதி எவ்ளோ, எந்த அக்கவுண்ட்ல இருக்கு? மூணு தடவை கேட்டுட்டேன். திருடிட்டாங்கன்னு நான் சொல்லவே இல்ல, ஒரு பேப்பர்ல எழுதி போட்டோ அனுப்புங்கன்னுதான் கேக்கறேன்.

இன்னொண்ணு இதை விட முக்கியம். நம்ம குரூப்ல பாதிப்பேர் இப்ப அமெரிக்கா சிட்டிசன், சிங்கப்பூர் சிட்டிசன். இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க சொந்த சம்பாத்தியத்துலேர்ந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை கணக்குல வராது. வேற நாட்டு சிட்டிசன் ஆயிட்டு ஓசிஐ கார்டு வச்சிருக்கவங்க அனுப்பினா வரும். வெளிநாட்டு நன்கொடை வாங்கறதுக்கான எஃப்சிஆர்ஏ பதிவு சங்கத்துக்கு இல்ல, பதிவு இருந்தாலும் டெல்லி எஸ்பிஐ மெயின் பிராஞ்ச்ல இருக்கற அக்கவுண்ட்லதான் அந்தப் பணத்தை வாங்க முடியும். நான் பாஸ்போர்ட் மாத்திட்டேன், அதனால நான் சங்கத்துக்கு ஒரு ரூபா அனுப்பக் கூடாது, மனசுக்கு கஷ்டமாத்தான் இருக்கு. இந்திய பாஸ்போர்ட் யாருக்கெல்லாம் இருக்குன்னு லிஸ்ட் போட்டுட்டு அப்புறம் வசூல் ஆரம்பிங்க. தலைவர் அண்ணன் தன் பேர்ல இருக்கற அக்கவுண்ட் நம்பரைக் குடுத்திருக்காரு, அது வேணாம்.

வாத்தியார் வீட்டு சின்னவன்
டல்லாஸ்

---

கணக்கு கேக்கறவங்க கேளுங்க. எனக்கு வேற ஒரு வருத்தம்.

கவர்மென்ட் மூணுல ரெண்டு போடட்டும்னு நாம ஏன் மனு தூக்கிக்கினு அலையணும்? 1954ல காமராஜரை ஜெயிக்க வச்சு சட்டசபைக்கு அனுப்பின தொகுதி நம்ம குடியாத்தம். மகேந்திரவாடி ஏரியை மகேந்திர தடாகம்னு அங்க மகேந்திரவர்மன் குடைவரைக் கோயில்ல கல்வெட்டே சொல்லுது, இந்த வட ஆற்காட்டுல ஊருக்கு ஊரு ஏரி வெட்டி வச்சவங்க நம்ம பெரியவங்க. எங்க தாத்தா காலத்துல வீட்டுக்கு ஒரு ஆள் மம்புட்டியோட வந்து நின்னாத்தான் மதகு தொறப்பாங்க. கோடி போற அன்னிக்கு கிடா வெட்டி பூஜை, பசங்க எல்லாம் தண்ணி வழியற கலங்கல்ல வேட்டியைப் புடிச்சுக்கினு கெண்டை மீன் அள்ளுவோம், எங்க பாட்டி மண் சட்டியில மாங்கா போட்டு கொழம்பு வைப்பா, அந்த வாசனை இங்க எந்த ஓட்டல்லயும் இல்ல.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வச்சுக்கினே இருக்க முடியல. ஏரி வறண்ட வருஷம் எங்கப்பா தன் கெணத்து மோட்டாரை ஆறு மாசம் ஊருக்கு ஓட்ட விட்டாரு. அவர் செத்தப்ப கீழ்த்தெருவுலேர்ந்து எத்தனை பேர் வந்தீங்க? எந்த சண்டைக்காக வரலன்னு எல்லாருக்கும் தெரியும். அதை மறந்துட்டுத்தான் நானும் பதினஞ்சாயிரம் தரேன்னு சொல்லியிருக்கேன். மோட்டாரை மட்டும் யாராவது ஒருத்தர் இங்க எழுதியிருக்கலாம்.

மேட்டுத்தெரு கணக்குப்பிள்ளை வீட்டுப் பேரன்
ஷார்ஜா

---

மேட்டுத்தெரு அண்ணா, தையக்கடை வீட்டு சின்னவ நான் எழுதறேன். அந்த ஆறு மாசம் நான் அஞ்சாவது படிச்சேன். தெனம் காலைல உங்க கெணத்தாண்ட குடம் வச்சுக்கினு நின்னிருக்கேன், பெரியப்பா வரிசையில சின்னப் பசங்களை மொதல்ல விடுவாரு. அவர் போனப்ப எங்க வீட்டுலேர்ந்து யாரும் வரல, அது தப்பு. அம்மா இன்னிக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுவா. அவ சார்பா நான் மன்னிப்பு கேட்டுக்கறேன்.

நம்ம ஏரிக்கு நாம மூணுல ஒரு பங்கு போடறது பிச்சை இல்லண்ணா, மீதி ரெண்டு பங்கும் நம்ம ஜனங்க கட்டின வரிதான். உங்க தாத்தா மம்புட்டியோட நின்ன மாதிரி இப்ப கிராம சபையில கையெழுத்து போட ஆள் நிக்கணும்.

டல்லாஸ் அண்ணா கேட்ட லிஸ்டை நான் எடுக்கறேன், பாஸ்போர்ட் விவரத்தை எனக்கு மட்டும் தனி மெயில்ல அனுப்புங்க, குரூப்ல போடாதீங்க. பழைய கணக்கை தலைவர் அண்ணன் ஜூலைக்குள்ள குடுத்துடணும், அது வர்ற வரைக்கும் நானும் அனுப்ப மாட்டேன்.

ஆகஸ்ட் 15 அன்னிக்கு ஊர்ல யார் இருப்பீங்க? அக்காவுக்கு லீவு கெடைக்கல. காட்பாடி வரைக்கும் வர்றவங்க இருந்தா சொல்லுங்க, ஸ்டேஷன்லேர்ந்து கூட்டிக்கினு போக தம்பி கார் எடுத்துக்கினு வரான். பள்ளத்தைப் பகல்ல போட்டோ எடுக்கணும், பின்னாடி பெரிய மதகு தெரியற மாதிரி. ராத்திரி லாரி வர்ற நேரத்துல யாரும் தனியா கரைக்குப் போவாதீங்க.