1856 கைவண்டிப் பயணம்: தாய்மாரைக் கரைசேர்த்தது பக்தியா, மாவுக் கணக்கா?

அடுப்படி:
அமெரிக்காவில் தோன்றிய மார்மன் சபையில் சேர்ந்து, அதன் தலைமையிடமான சால்ட் லேக் சிட்டிக்குக் கைவண்டி இழுத்துக் குடியேறப் போன தாய்மாரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் "விசுவாசத்தாலேயே அங்கே வரை நடந்தார்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். இதை நான் ஏற்கவில்லை. அயோவா சிட்டியிலிருந்து ஏறத்தாழ 2,100 கிலோமீட்டர். வண்டிக்கு ஐந்து பேர், கூடாரத்துக்கு இருபது பேர். பெரியவருக்கு 17 பவுண்டு மூட்டை, அதாவது எட்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போர்வை, துணி, பாத்திரம் எல்லாம் அதற்குள். நாளுக்கு ஒரு பவுண்டு மாவு. 450 கிராம் மாவில் 1,600 கலோரி தேறும். கைக்குழந்தைக்காரிக்குப் பால் சுரக்கவே 500 வேண்டும். மிச்சத்தில்தான் நடையும் வண்டி இழுப்பும்.

பனையோலை:
விசுவாசம் இல்லாவிட்டால் அந்தப் பயணமே இல்லை. மாட்டுவண்டி வாங்க வழியில்லாத இங்கிலாந்து, டென்மார்க் ஏழைக் குடும்பங்கள் அவை. 1849-இல் சபை தொடங்கிய குடியேற்ற நிதி கடன் கொடுத்ததால்தான் பல தாய்மார் கப்பல் ஏறினார்கள். இதே ஏற்பாட்டில் ஜூன் 9-இல் கிளம்பிய முதல் குழு செப்டம்பர் 26-இல் சேர்ந்துவிட்டது. 1860 வரை போன பத்துக் குழுக்களில் பேரழிவைக் கண்டவை வில்லி, மார்ட்டின் குழுக்கள் இரண்டுதான்.

சக்கரம்:
வண்டியையும் பாருங்கள். வில்லி, மார்ட்டின் குழுக்கள் அயோவா சிட்டிக்கு வந்தபோது வண்டிகள் தயாராக இல்லை. உலராத பச்சை மரத்தில் அவசரமாகச் செய்தார்கள். வறண்ட காற்றில் மரம் சுருங்கினால் ஆரக்கால் சக்கரத்தின் நடுக்குடத்துக்குள் ஆடும், வெளிவட்டமான வட்டை பிளக்கும். மர அச்சில் மணல் புகுந்து அரைத்துக்கொண்டே இருக்கும். வண்டி மசகு இல்லாமல் பன்றிக்கொழுப்பையும் சோப்பையும் தடவினார்கள். பிசுக்கில் மணல் இன்னும் ஒட்டும், சாப்பிட வேண்டிய கொழுப்பும் போயிற்று. வழியில் நெப்ராஸ்காவிலுள்ள ஃபிளாரன்ஸில் வண்டிக்கு 98 பவுண்டு மாவு மூட்டை ஒன்றை வேறு ஏற்றினார்கள்.

அடுப்படி:
ஃபிளாரன்ஸைச் சொன்னீர்களே, பக்தி கெடுத்த இடமே அதுதான். ஆகஸ்டில் வில்லி குழு அங்கே கூடியபோது, அந்தக் குழுவின் துணைத்தலைவர்களில் ஒருவரான லீவை சாவேஜ், குளிர்காலம் கழிந்து போகலாம், இப்போது போனால் முதியவர்களும் குழந்தைகளும் பிழைக்க மாட்டார்கள் என்று எச்சரித்தார். கடவுள் வழிவிடுவார் என்று மற்ற தலைவர்கள் சொல்ல, பெரும்பாலோர் கிளம்பிவிட்டார்கள். அக்டோபர் 15-இல் நாளுக்கான மாவுப் படி இப்படிக் குறைந்தது: வேலை செய்யும் ஆணுக்கு ஏறத்தாழ 300 கிராம், பெண்ணுக்கு 255, சிறுவருக்கு 170, கைக்குழந்தைக்கு 85. மார்ட்டின் குழுவின் கதை இன்னும் கொடுமை. அக்டோபர் 17-இல் சுமையை ஆளுக்கு 10 பவுண்டாகக் குறைக்கச் சொல்லி, மிஞ்சிய போர்வைகளை எரித்தார்கள். 19-இல் பிளாட் ஆற்றை இறங்கிக் கடந்தார்கள். அன்றே பனி கொட்டியது. பிள்ளைக்குப் போர்த்த வைத்திருந்ததை ஒரு தாய் தன் கையால் நெருப்பில் போட வேண்டியிருந்தது. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பனையோலை:
அந்தத் தவறை நான் மறைக்கவில்லை. ஆனால் மீட்டதும் அதே பக்திதான். இரண்டு குழுக்கள் இன்னும் வழியில் இருக்கும் செய்தி, அக்டோபர் 4-இல் சால்ட் லேக்கில் இருந்த சபைத் தலைவர் பிரிகாம் யங்குக்கு எட்டியது. மறுநாளே சபைக் கூட்டத்தில் ஆளும் மாவும் கேட்டார். அங்கிருந்த பெண்கள் உள்பாவாடை, காலுறைகளை அங்கேயே கழற்றிக் கொடுத்தார்கள். 7-ஆம் தேதி முதல் வண்டிகள் கிளம்பின. அவை போகாவிட்டால், இரண்டு குழுக்களிலும் நேர்ந்த இருநூற்றுச் சொச்சச் சாவு எத்தனை நூறாகப் பெருகியிருக்கும், யோசியுங்கள்.

சக்கரம்:
ஒன்று விட்டுப்போயிற்று. பெண்ணுக்குப் படி குறைவு, ஆனாலும் ஆண்களே அதிகம் செத்தார்கள். தோலடிக் கொழுப்பு பெண்ணுடம்புக்கு அதிகம், குளிரைத் தாங்கும். கூடாரம் அடிப்பது, இரவுக்காவல் ஆகியவை பெரும்பாலும் ஆண்கள் தலையில். அதனால் பனிக்குப் பிறகு பல வண்டிகளை விதவைகளே இழுத்தார்கள்.

அடுப்படி:
அதைத்தான் சொல்கிறேன், உடம்பும் மாவும்தான் தீர்மானித்தன. சபையும் அதைப் புரிந்துகொண்டது. 1861 முதல் கைவண்டியை விட்டுவிட்டு, வசந்தத்திலேயே சால்ட் லேக்கிலிருந்து மாட்டுவண்டிகளை, குடியேறுவோரை ஏற்றிவர மிசௌரி ஆற்றுக்கு அனுப்பினார்கள். போகும்போதே வழிநெடுக மாவை இறக்கிவைத்தார்கள், திரும்பும்போது உடன் வரும் குடும்பங்களுக்காக.